ஜோடி சேராத ஆறு கைப்பிடிகள்

என் தம்பி பெண்டாட்டிக்கு அவளைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எல்லாருக்கும் அவள் ரசமட்டம்தான். சுவரும் தரையும் கோணாமல் இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஓடுகிற காற்றுக் குமிழி, அந்தக் கருவிக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். ஒரு சாண் நீளத்தில் அது ஒன்று அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும். மற்றவர்கள் சீப்பு வைக்கிற இடம் அது.

பெயர் வைத்த புண்ணியம் என்னுடையது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி, அப்பாவின் படம் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு நேராக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகக் கோணலாகத் தொங்கியவை. "நாங்க எல்லாம் கழுத்தைச் சாய்ச்சே பாத்துப் பழகிட்டோமே, இப்ப என்ன பண்றது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தலைய நிமித்துங்க அண்ணி, பழகிடும்" என்றாள். எங்கள் அம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. நாத்தனாராக இருந்துகொண்டு அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? இருபத்தாறு வருஷமாகச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கூப்பிட்டால், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சுவரைத் தடவிக்கொண்டே வீடு முழுக்க ஒரு சுற்று வருகிறாள். அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்து வேலையைப் பற்றிப் பேசுகிறாள். போன வாரம் ஒரு வீட்டுக்காரர், இந்த அம்மாவுக்கு மயக்கம் என்று நினைத்து நாற்காலியும் தண்ணீரும் கொண்டு ஓடிவந்தாராம். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் டிரைவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் என் தப்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு கடை இருக்கிறது. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, மாடிப்படிக் கம்பி எல்லாம் வாங்கிப் போட்டு விற்கிறேன். என் தம்பி எலெக்ட்ரீஷியன். வாயைத் திறந்தால் ஃபியூஸ் போய்விடும் என்று நினைப்பவன். வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல்தான் அவள் என் கடைக்கு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் விறகுக்குத் தள்ளிவிட்டிருந்த ஒரு கதவின் முன்னால் மொட்டைக் கத்தியோடு உட்கார்ந்தாள். மேலே பச்சைப் பெயிண்ட். அதைச் சுரண்டினால் சாம்பல், அதற்கடியில் வெள்ளை, மறுபடி ஒரு பச்சை. சாயங்காலம் ஆவதற்குள் அடிமரம் தெரிந்தது. ஓரம் முழுக்கக் கொடி கொடியாகச் செதுக்கிய தேக்கு. அந்தக் கதவை ஒரு பல் டாக்டர் பார்த்தார், வாங்கினார், அதோடு நிற்காமல் அவளையும் கூப்பிட்டுக்கொண்டு போய்த் தன் பழைய வீட்டைக் காட்டினார். அங்கே ஆரம்பித்ததுதான்.

வேலை என்று வந்தால் அவள் ராட்சசி. எந்த அறையானாலும் கதவுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்குச் சுவரைச் சுரண்டி, அந்த வீட்டின் முதல் நிறம் என்ன என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பாள். தரையில் ஒரு பூக்கல் உடைந்திருந்தால் அதே பூ, அதே நீலம் கிடைக்கும்வரை என் உயிரை வாங்குவாள். வழவழவென்று புதுசாக எதையாவது காட்டினால் மூஞ்சியைச் சுளிப்பாள். "பழைய வீட்டுக்குன்னு ஒரு முகம் இருக்கு அண்ணி. நடுவுல குடியிருந்தவங்க அதுமேல கண்டதையும் ஒட்டி வெச்சிருப்பாங்க. அதை எடுத்துட்டாப் போதும், முகம் தானா வெளிய வரும்" என்பாள். நானும் தலையை ஆட்டுவேன். எனக்கு வியாபாரம் அப்படித்தானே நடக்கிறது.

டிரைவர் வீடு அவர் மனைவி வழியில் வந்த வீடு. உயரமான கூரை, உத்தரம், ஆள் உயர ஜன்னல்கள். நடுவில் ஒரு நீளமான நடை, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கதவுகள். அவர் முப்பத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டியவர், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். எழுபத்தோரு வயது. மனைவி இறந்து எட்டு வருஷம். ஒரே மகள் வேறு ஊரில், ஒன்பதாவது மாடியில், பெரிய வேலையில் இருந்தாள். அவள்தான் ரசமட்டத்தைப் பிடித்து வேலையை ஒப்படைத்தாள். ஒப்படைக்கும்போதே தெளிவாகச் சொன்னாள்.

"அப்பா இந்த வீட்ட விட்டு வரமாட்டேங்கறார், அக்கா. வீட்ட நல்லபடியா ஆக்கிக் குடுங்க. நான் வந்து பாக்கறேன். இங்க அவர் தனியா சமாளிப்பார்னு தோணுச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். வீட்ட வித்துடலாம்."

அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த வீடு ரசமட்டத்துக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் ஐயாவை அவர் வீட்டிலேயே இருக்க வைப்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் அங்கேயே கிடந்தாள். கூடத்துச் சுவரில் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்த இளம்பச்சையை அடித்து முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அருமையான நீலம்மா" என்றார். வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள். என் தம்பிக்கும் சிவப்பு ஒயர் கறுப்பு ஒயர் தவிர மற்ற நிறமெல்லாம் ஒன்றுதான், அதனால் நானும் சிரித்தேன். இன்னொரு நாள் நடையில் அவள் ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்ததற்கு அவர் சத்தம் போட்டிருக்கிறார். "நடையில எதையும் வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" அவளுக்கு ஒழுங்கானவர்களைப் பிடிக்கும். அந்தச் சத்தத்துக்காக அவரை இன்னும் மதித்தாள்.

அந்த வீட்டில் அவள் கண்ணில் முள்ளாகக் குத்தியது கதவுக் கைப்பிடிகள். ஆறு கதவுக்கும் ஆறு விதம். கூடத்துக் கதவில் மட்டும் வீடு கட்டின காலத்துப் பித்தளை உருண்டை. அவர் படுக்கையறையில் வெள்ளைப் பீங்கான், குறுக்கே மயிரிழை விரிசல். மகளின் அறையில் பட்டை பட்டையாக வெட்டிய கண்ணாடி, அவள் பத்து வயதில் அடம்பிடித்து வாங்கியது. சமையலறையில் இரும்பு வளையம். ஸ்டோர் ரூமில் கைப்பிடியே கிடையாது, ஓட்டையில் கோர்த்து முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. பாத்ரூம் கதவில் இருந்ததுதான் உச்சம். பஸ் கியர் கம்பியின் தலையில் இருக்குமே கறுப்பு உருண்டை, அது. ரிட்டயர் ஆன நாளில் டிப்போவில் அவருடைய வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தார்களாம். அவர் அதைக் கொண்டுவந்து பாத்ரூமில் முடுக்கிவிட்டார்.

"அந்தக் காலத்துத் தேக்குக் கதவுல கியர் உருண்டை, அண்ணி! எனக்கு நெஞ்சே அடைக்குது" என்றாள்.

ஜோடியாக ஆறு பித்தளைக் கைப்பிடி வேண்டும் என்று அலைந்தாள். என்னிடம் நான்கு இருந்தன. கூடத்துக் கதவில் இருந்ததற்கு அச்சு அசல் அதே வார்ப்பு. ஐந்தாவதை எங்கோ ஒரு பழைய ஓட்டலை இடித்த இடத்தில் குப்பையைக் கிளறி எடுத்தாள். அவருடையதையும் சேர்த்து ஆறு. ஒரு சனிக்கிழமை, அவர் தெருமுனை டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், பழையதையெல்லாம் கழற்றினாள். பழைய ஓட்டைகள் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். அவளுக்கு அது பொறுக்குமா? மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, ரசமட்டம் பிடித்துக் கோடு போட்டு, ஆறையும் ஒரே உயரத்தில் வைத்தாள். பாலிஷ் போட்டதும் நடை முழுக்கத் தங்கமாக மின்னியது என்று சொன்னாள். கழற்றிய சாமான்களை ஒரு பையில் போட்டு என் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

டீக்கடையிலிருந்து வந்தவர் ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்த்தாராம். ஆறாவது கதவில் கை கொஞ்ச நேரம் நின்றதாம். "பிரமாதம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். வாயடைத்துப் போய்விட்டார் என்று இவளுக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் காலையில் வார்னிஷ் டப்பாவோடு போனவள், "ஐயா" என்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் தரைக்குக் கீழேயிருந்து வந்தது. ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால் உடனே ஐந்து படி கீழே இறங்கும். கடைசிப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா இங்க இருக்கீங்க?" என்று கத்தினாள்.

அவர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "இது எந்தக் கதவும்மா?" என்று கேட்டார்.

"ஸ்டோர் ரூம், ஐயா."

"பாத்ரூம்னு நெனச்சேன்."

இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள். இளம்பச்சையை நீலம் என்றது, நடையில் டப்பா வைத்ததற்குச் சத்தம் போட்டது, ஆறாவது கதவில் கை நின்றது, எல்லாம் அவளுக்கு அந்தப் படியில் வைத்துப் புரிந்தது. மூன்று மாதம் கூடவே இருந்தும் ஒரு மனிதனுக்குக் கண் தெரியவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. ஒரு நூல் கோணலைத் தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிறவள்.

கிளினிக்கில் மூன்று தையல். மணிக்கட்டில் சுளுக்கு. திரும்பி வரும் வழியில் அவரே சொன்னார். மூன்று வருஷமாக நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது ஓரத்தில் நிழலும் வெளிச்சமும் மட்டும்தான். வீட்டுக்குள் அவருக்கு அது ஒரு குறையே இல்லை. கயிறு கையில் பட்டால் படி. கியர் பட்டால் பாத்ரூம். வளையம் பட்டால் அடுப்பு.

"நடைதாம்மா என் ரூட்டு. ஆறு ஸ்டாப்பு. கண்டக்டரே வேணாம், கை சொல்லிடும்" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. தெரிஞ்சா அன்னிக்கே என்னைப் பொட்டி கட்டிடுவா."

அன்று மத்தியானம் என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே என் பெயர்ப்பலகை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் தொடவில்லை.

"அண்ணி, அந்தப் பை எங்க?" என்றாள்.

இங்கேதான் என் தப்பு. அந்தப் பையை நான் முந்தின நாளே பிரித்துக் கலைத்துவிட்டேன். பீங்கான் அழகாக இருக்கிறது என்று என் மேஜையில் காகிதத்துக்கு மேல் வைத்திருந்தேன். இரும்பு வளையத்தைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். கண்ணாடி, கடைக்கு வந்த ஒரு தையல்காரியின் கண்ணில் பட்டு அவள் அலமாரிக்குப் போய்விட்டது. கியர் உருண்டையை, "இதென்ன கருமம், கதவுல மாட்டற சாமானா இது" என்று சொல்லிக் குப்பையில் போட்டேன். குப்பை வண்டி வந்துபோய்விட்டது.

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, இதை மறைக்கறது தப்பு. பெத்த பொண்ணுக்குத் தெரியணும். நாளைக்கு அடுப்புல கைய வெச்சிட்டா?" என்றேன்.

"தெரியணும்தான். ஆனா நான் சொல்லமாட்டேன். அவர் வாயால அவர் சொல்லணும். அதுக்கு முன்னாடி அவர் வீட்ட அவருக்குத் திருப்பிக் குடுக்கணும், அண்ணி. நாந்தானே எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகள் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது.

இரும்புக் குவியலை நானும் அவளும் சேர்ந்து புரட்டினோம். அறுபது வயதில் நான் குனிந்து பொறுக்கிய ஒரே சாமான் அந்த வளையம்தான். தையல்காரி கண்ணாடியைத் தரவே மாட்டேன் என்றாள். நாள் தவறாமல் போய் நின்று, அவள் கேட்ட வேறு இரண்டைக் கொடுத்து, மகள் வருகிற அன்று காலையில்தான் என் கைக்கு அது வந்தது. பழைய கயிறும் குப்பையோடு போயிருந்தது; கயிற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர் பழையதைப் போலவே முரட்டுக் கயிறுதான் வேண்டும் என்றார், நைலான் கூடாது. அதுவும் கிடைத்தது.

கியருக்காக ரசமட்டம் பஸ் டிப்போவுக்கே போனாள். அங்கே வண்டிக்கடியில் படுத்திருந்த ஃபோர்மேன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "எந்த மாடல் வண்டிக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"வண்டிக்கு இல்ல. பாத்ரூம் கதவுக்கு."

அவர் முழுசாக வெளியே வந்துவிட்டார். டிரைவர் யார் என்று சொன்னதும், "முப்பத்து மூணு வருஷம் கீறல் விழாதவரா?" என்று கேட்டுக்கொண்டே பழைய சாமான் டிரம்முக்குள் தோள்வரைக்கும் கையை விட்டாராம். அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது டிரைவர் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது என் வண்டியோடது இல்ல" என்றார். அவளுக்கு முகம் செத்துவிட்டது. "பரவால்லம்மா. டியூட்டி மாத்திப் போட்டா வேற வண்டி ஓட்டினதில்லையா? மாட்டு."

மாட்டும்போது நானும் இருந்தேன். அடைத்து வைத்த பழைய ஓட்டைகளைக் கத்தியால் சுரண்டித் தேடினாள். ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம், எது எங்கே இருந்தது என்று அவளுக்கே சந்தேகம். அவர் பக்கத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு விரல் கீழ" என்றார், "இது சரி" என்றார். ரசமட்டம் பையிலேயே கிடந்தது.

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் கண்ணாடிக் கைப்பிடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, ரசமட்டம் அதை முடுக்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வந்தவள் கூடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். ஜன்னலைத் தொட்டுப் பார்த்தாள், பூக்கல்லைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் அப்பாவின் புருவத்துத் தையலைப் பார்த்தாள். அப்புறம் நடைக்கு வந்து கதவுகளைப் பார்த்தாள்.

"என்னக்கா இது? ஆறும் பித்தளையில மாட்டியாச்சுன்னு போட்டோ அனுப்புனீங்களே? பழைய குப்பைய மறுபடி மாட்டி வெச்சிருக்கீங்க? கதவெல்லாம் சுரண்டி வேற இருக்கு. அப்பா நெத்தியில என்ன? மூணு மாசமா இங்க என்னதான் வேல நடந்துச்சு?"

"கழட்டினது நாந்தான்" என்றாள் ரசமட்டம். அவர் கண் விஷயத்தை அவள் எடுக்கவே இல்லை. இருபது வருஷமாக அவள் சம்பாதித்த நல்ல பேர் அந்த நடையிலேயே போய்விடும் போலிருந்தது. எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்.

"அவங்களத் திட்டாத. எனக்குக் கண்ணு தெரியல."

மகளுக்குப் புரியவில்லை. அவர் அவள் கையைப் பிடித்து நடையின் முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "கண்ண மூடிக்கோ" என்றார். அவள் கையை எடுத்து ஒவ்வொரு கதவிலும் வைத்தார். "பித்தளை, கூடம். இது ஜில்லுனு இருக்கு பாரு, பீங்கான், என் ரூமு. இது கயிறு, படி இருக்கு, ஜாக்கிரதை. இது என் கியரு." கண்ணாடிக்கு வந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் விரல் தானாகவே அந்தப் பட்டைகளை எண்ணியது. கண்ணைத் திறக்காமலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எத்தன நாளாப்பா?"

"மூணு வருஷம்."

"வாராவாரம் வீடியோல பேசறேனே! 'இளைச்சுப் போயிட்டியேம்மா'ன்னு சொல்வீங்களே!"

"எல்லா அப்பனும் அதத்தானேம்மா சொல்றான்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே ஒரு நாள்கூட உங்களத் தனியா விடமாட்டேன். எங்கூட வந்துடுங்கப்பா" என்றாள். அவர் பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்தே விட்டது. ரசமட்டம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "உன் வீட்ல எத்தன கதவு?" என்று கேட்டார்.

"ஏழு."

"கைப்பிடி எப்படி இருக்கும்?"

அவள் அந்த ஆறு கதவையும் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரியும். அந்த மாதிரி அடுக்குமாடிகளுக்கு மொத்தமாகப் பெட்டி பெட்டியாக ஒரே ஸ்டீல் கைப்பிடிதான் போகும்.

"எல்லாம் ஒண்ணுதாம்பா" என்றாள் கடைசியில்.

"இங்க நான் குருடன் இல்லம்மா. அங்க வந்தாத்தான் குருடன்."

மகள் கண்ணாடிக் கைப்பிடியைத் திருப்பித் தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் நடையிலேயே நின்றோம். ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரசமட்டத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஸ்டோர் ரூமுக்குப் பூட்டுப் போட முடியுமாக்கா? கயிறு அப்படியே இருக்கட்டும்."

"போட்டுடலாம்."

"கேஸ் அடுப்பை ஆஃப் பண்ண கைக்குத் தெரியற மாதிரி ஏதாவது?"

"பண்ணிடலாம்."

"கண் டாக்டரப் பாக்கணும். தினம் ஒரு ஆள் வந்து சமைச்சு வெக்கணும். மூணு மாசம் பாப்போம்ப்பா" என்றாள், அவர் பக்கம் திரும்பி. பிறகு ரசமட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் அந்தக் கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மீதி இருந்த வார்னிஷை அடிக்கப் போய்விட்டாள்.

கண் டாக்டர், போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, ஒரு வருஷமாயிற்று. டிரைவர் அங்கேயேதான் இருக்கிறார். டிப்போ ஃபோர்மேன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பேசிவிட்டுப் போகிறார். ஜோடியான ஐந்து பித்தளையும் என் கடையில் திரும்ப வந்து தூங்குகின்றன. ரசமட்டத்தின் பேர் ஒன்றும் கெட்டுவிடவில்லை, வேலை முன்னைவிட அதிகம்தான். கோணலைப் பார்த்தால் இன்னும் கை பரபரக்கிறது அவளுக்கு. ஆனால் இப்போதெல்லாம் தொடுவதற்கு முன்னால், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிடுகிறாள். என் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிக் கூடப் போன மாதம் கேட்டாள். ஆணி சரியில்லை என்றேன். உடனே நேராக்கிவிட்டாள்.

அந்த மகள் போன வியாழக்கிழமை என் கடைக்கு வந்திருந்தாள். அப்பா நாலு நாள் தன்னோடு வந்து இருக்கச் சம்மதித்திருக்கிறார், விருந்தாளியாக மட்டும் என்று சொன்னாள்.

"ஏழு கைப்பிடி வேணும். எதுவும் எதோடயும் ஜோடி சேரக் கூடாது."

"ஜோடி சேராததுக்கு என் கடையில என்ன குறைச்சல்? ஆனா பாத்ரூமுக்கு எங்கிட்ட சாமான் இல்ல. நேரா டிப்போவுக்குப் போங்க. ரசமட்டத்தோட நாத்தனார் அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, ஃபோர்மேன் எடுத்துக் குடுப்பாரு" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு கைப்பையை என் மேஜையில் வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, ஒவ்வொரு கைப்பிடியாகத் தொட்டுத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றை எடுப்பாள், உள்ளங்கையில் உருட்டுவாள், முன்னால் எடுத்ததோடு சேர்த்துத் தடவிப் பார்ப்பாள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வைப்பாள். எனக்குக் கண்ணில் கரகரவென்று நீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை. அவள்தான் கண்ணை மூடியிருந்தாளே.